ஐந்தாம் குழி

இன்னும் ஒரு மணி நேரத்துக்கு யாரும் எங்கிட்ட வந்து பேசக் கூடாது, பேசினா நல்லா வாங்கிக் கட்டிக்குவாங்க, சொல்லிட்டேன். யார்கிட்ட சொன்னேன், சுவத்துக்கிட்ட. மணி பதினொண்ணு அஞ்சு. ஹீட்டரைப் போட்டு அஞ்சு நிமிஷந்தான் ஆகுது. காத்தடிக்கிற கம்ப்ரஸர் மூலையில கெடந்து கத்துது. ஃபேனை அணைச்சாச்சு, ஜன்னல் மூணையும் சாத்தியாச்சு, ஜூன் மாசத்துத் திருநெல்வேலி வெயில் கூரை மேல ஏறி உக்காந்திருக்கு, முதுகு வேர்வையில சுடிதார் நாற்காலியோட ஒட்டிக்கிச்சு. எனக்கு ஃபேன் போட விதியில்ல. முன்னால மேசையில ஒரு எவர்சில்வர் தகடு, அடியிலருந்து அதைச் சூடாக்குறோம், மேல ஒரு குழாய், அந்தக் குழாய் வாயிலருந்து காத்து நட்டுக்குத்தா பீச்சி தகட்டுல அடிச்சு நாலாபக்கமும் சிதறுது. காத்து எவ்வளவு சூட்டைத் தூக்கிட்டுப் போகுதுன்னு அளக்கணும். ஃபேனைப் போட்டா அது கலைஞ்சிரும். ஒரு ஃபேன் காத்துக்குக் கலையுற சங்கதியை நம்பி ஏழு வருஷத்தை வச்சிருக்கேன். உலகம்மாள், வயசு முப்பத்திநாலு, ஆராய்ச்சி மாணவி. மாணவியாம். என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவ மக இந்த வருஷம் பத்தாப்பு பாஸ் பண்ணிட்டா.

தகட்டுல ஏழு குழி, ஒரே வரிசையில, ஒவ்வொண்ணும் சுண்டுவிரல் நுனி உக்கார்ற அளவு. வழவழன்னு இருக்கிற தகட்டை விட குழி போட்ட தகடு சூட்டை நல்லா விடுமா விடாதான்னு பாக்கத்தான் குழி. எங்கயோ சுத்துற டர்பைனோட இறக்கை உருகாம இருக்க இந்தக் கணக்கெல்லாம் வேணுமாம், நான் ஒரு டர்பைனைக் கண்ணால கண்டதில்ல, நான் கண்டது இந்த ஏழு குழியைத்தான். குழாய் நேரா நாலாங்குழிக்கு மேல நிக்குது. நாலுக்கு அந்தப் பக்கம் மூணு, இந்தப் பக்கம் அஞ்சு, ரெண்டும் ஒரே தூரம், ஒரே ஆழம், அடிக்கிறது ஒரே காத்து. அப்ப மூணும் அஞ்சும் ஒரே சூடு காட்டணுமா இல்லையா. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகிட்ட கேட்டாலும் சொல்லும். ஆனா இந்தத் தகட்டை மாட்டி அளக்க ஆரம்பிச்ச நாள்லருந்து, எட்டு மாசமா, அஞ்சு மட்டும் நாலு டிகிரி கூடக் காட்டுது. அதுக்கு ஒரு பேரு வச்சோம், சிறைப்பட்ட சுழல். காத்து குழாய்லருந்து வரும்போதே லேசா முறுக்கிக்கிட்டு வருதாம், அதனால ஒரு பக்கத்துக் குழியில மட்டும் மாட்டிக்கிட்டு, வெளிய வர வழி தெரியாம அங்கனயே சுத்திச் சுத்தி, சூட்டை உள்ளயே போட்டு அமுக்கி வைக்குதாம். சொன்னவர் டாக்டர் ஆவுடையப்பன், என் கைடு. ஆமா சார்னு எழுதினவ நான். அதுல ஒரு பேப்பர் வந்தாச்சு, சென்னை மாநாட்டுல எனக்குப் பரிசு குடுத்தாச்சு, அம்மா அந்தச் சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி டிவிக்கு மேல மாட்டியாச்சு, அடுத்த மாசம் சார் அதைப் பத்தி ஹைதராபாத்ல போயி ஒரு மணி நேரம் பேசப் போறாரு. தீசிஸ்ல கடைசி அத்தியாயம் முழுக்க அதுதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள அந்தத் தீசிஸை யுனிவர்சிட்டியில குடுக்கணும், ரெண்டு தடவை நாள் நீட்டிக் குடுத்துட்டாங்க, இனி நீட்ட மாட்டாங்க. இன்னைக்கு புதன்.

மீட்டர் குமிழைத் திருகிப் பாக்கிறேன், மூணு, நாப்பத்தெட்டு புள்ளி ஒண்ணு. அஞ்சு, நாப்பத்தெட்டு புள்ளி ஆறு. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, இப்பத்தான் ஏறுது, ஏறி நிலைச்சு நிக்கணும், பத்து நிமிஷத்துக்கு ஆடாம நின்னாத்தான் அளவு. அதுக்குள்ள எதையும் நம்பக் கூடாது. எட்டு மாசம் நம்புனேனே. நேத்து சாயங்காலம் தீசிஸ்ல போட தகட்டை ஒரு போட்டோ எடுக்கலாம்னு குழாயை மேல தூக்கி, செல்லுல பெருசு பண்ணிப் பாத்தா, ஆறு குழியில நிழல் வளைஞ்சு விழுது, அஞ்சுல மட்டும் தட்டையா விழுது. ஒரு பல்குத்துற குச்சியை எடுத்துக் குத்தினேன். சில்லு ஒண்ணு தெறிச்சுச்சு. தகடும் சூட்டுல பழுப்பேறிக் கெடக்கு, அதுவும் பழுப்பேறிக் கெடக்கு, வித்தியாசமே தெரியல. நகத்தால சுரண்டிக் கையில வச்சு மோந்து பாத்தேன். சந்தனம். நடுவுல மிளகு அளவுக்குக் கறுஞ்சிவப்பா குங்குமம். ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு. எட்டு மாசமா என் குழிக்குள்ள காஞ்சு கட்டிதட்டி உக்காந்திருக்கு. சூட்டை வெளிய விடாம அமுக்கி வச்சது சுழலும் இல்ல முறுக்கும் இல்ல, பொட்டு. நான் நின்ன எடத்துலயே நின்னேன். அப்புறம் சிரிச்சேன். சிரிச்சதும் யாராவது கேட்டுட்டாங்களோன்னு கதவைப் பாத்தேன். என்ன பிழைப்பு இது.

அது சந்தனத்தாலதானான்னு இன்னும் தெரியாது, அதையும் சொல்லணும். ஒரு வேளை சந்தனம் பாதிக்காரணம், சுழல் பாதிக்காரணமா இருக்கலாம். ஒரு வேளை சுத்தமாத் துடைச்ச பெறகும் அஞ்சு ரெண்டு டிகிரி கூடுதலா நின்னுச்சுன்னா அத்தியாயம் தப்பிக்கும், நம்பரை மட்டும் மாத்தி ராவும் பகலுமா உக்காந்து வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிரலாம். அதுக்குத்தான் இப்ப இந்த அவியல்ல உக்காந்திருக்கேன். மூணும் அஞ்சும் ஒண்ணா நின்னா போச்சு, அத்தியாயம் போச்சு, பேப்பரைத் திரும்ப வாங்கணும், வெள்ளிக்கிழமையும் போச்சு. சாமி, ரெண்டு டிகிரி குடு. பாத்தியா, எந்தச் சாமிகிட்ட கேக்கிறேன் பாரு. பொட்டு வச்சதே சாமிக்குத்தான. என் வாயில நல்லா வரப் போகுது.

யார் வச்சான்னு நேத்தே விசாரிச்சாச்சு. எங்க லேப் அட்டெண்டர் பிச்சம்மாக்கா கூட்டிப் பெருக்கிட்டு இருந்தா, போயி நேராக் கேட்டேன், அக்கா, ஆயுத பூஜை அன்னைக்கு என் தகட்டுக்குப் பொட்டு வச்சது நீங்களா. எம்மா, நான் லேத்துக்கும் கம்ப்ரஸருக்கும்தாம்மா வச்சேன், உன் சாமானத் தொட்டா நீ சாமியாடுவேன்னு எனக்குத் தெரியாதா, சாருல்லா வச்சாரு. எந்த சார். நம்ம சார்தான், ஆவுடையப்ப சாரு. நடுக்குழியில வைக்கப் பாத்தாரு, குழா இடிக்குது, கை போகல, அதான் பக்கத்துல இந்தாக்குல இருந்ததுல வச்சாரு, குழியாவும் இருந்துச்சா, விரலை விட்டு ஒரு திருப்பு திருப்பி, அதுக்கு மேல குங்குமம் வச்சு, நல்ல லெச்சணமா இருந்துச்சும்மா. இப்படிச் சொல்லிட்டு தொடப்பத்தைத் தட்டிக்கிட்டுப் போயிட்டா. அவளைச் சொல்லி என்ன. அவரு விரல் குழாய்க்குக் கீழ போகல, அதனால ஒரு பக்கம் விழுந்துச்சு, அந்த ஒரு பக்கத்துக்கு அவரே அப்புறம் உக்காந்து விளக்கம் சொன்னாரு. ஏன் ஒரு பக்கம் மட்டும்னு சென்னையில ஒருத்தர் எந்திரிச்சுக் கேட்டாரு, மீசை நரைச்ச மனுசன், தகட்டைத் திருப்பிப் போட்டுப் பாத்தீங்களான்னு கேட்டாரு. நான் சார் மூஞ்சியைப் பாத்தேன். திருப்பிப் போட்டுப் பாக்கலாம் சார்னு அதுக்கு முன்னாலயே ரெண்டு தடவை நானே கேட்டிருக்கேன். அடியில பதினாலு ஒயர் ஒட்டியிருக்கும்மா, ஒண்ணு அறுந்தாலும் ஒரு மாசம் போகும், அதெல்லாம் தேவையில்லன்னாரு. தேவையில்லன்னு நானும் மேடையில நின்னு சொன்னேன். கைதட்டுனாங்க.

அன்னைக்கு நீ எங்க இருந்தேன்னு பிச்சம்மாக்கா கேக்கல. அவளுக்குத் தெரியும். சரி, அது இப்ப எதுக்கு.

மூணு, அம்பத்தாறு புள்ளி ரெண்டு. அஞ்சு, அம்பத்தாறு புள்ளி மூணு. ஒரே மாதிரிதான் ஏறுது, ஆனா ஏறும்போது எல்லாம் ஒண்ணாத்தான் ஏறும், கடைசியிலதான் பிரியும். மணி பதினொண்ணு இருபத்தஞ்சு. வாசம் வேற. நேத்து சுரண்டி அசிட்டோன் போட்டு நாலு தடவை துடைச்ச பெறகும் தகடு சூடேற ஏற லேசா ஒரு சந்தன வாசம் வருது. இல்ல, வரல, மூக்குதான் பழகிப் போச்சு. அதுதான் வயித்தெரிச்சல். இந்த வாசம் எனக்குப் புதுசில்ல. போன அக்டோபர்ல, பூஜை லீவு முடிஞ்சு வந்து முதல் தடவை ஹீட்டரைப் போட்ட அன்னைக்கே வந்துச்சு. நான் என்ன நினைச்சேன், சார் இப்பத்தான் வந்துட்டுப் போனாரு, அவரு நெத்திச் சந்தனம்னு நினைச்சேன். மறுநாளும் வந்துச்சு, அன்னைக்கு சார் லீவு, அப்பவும் நினைக்கல. அடியில ஒட்டின தெர்மோகப்புள் ஒயர் காட்டுற நாலு டிகிரியை நம்புனேன், மூஞ்சிக்கு நடுவுல இருக்கிற மூக்கை நம்பல. வாசத்துக்கு நோட்டுல கட்டம் இல்லையே, எங்க எழுதுறது. அம்மா இருந்தா சொல்லுவா, கும்பி கருகுற வாடை வந்தாலும் இவ புஸ்தகத்துல தேடிக்கிட்டு இருப்பான்னு. அம்மாவுக்கு வேற சொல்லணும். டிவிக்கு மேல மாட்டினதைக் கழட்டும்மான்னு எந்த வாயால சொல்ல.

கதவு திறந்துச்சு. வந்துட்டாரு. ஆவுடையப்பன் சார் எப்பவும் வலது காலை வச்சு உள்ள வருவாரு, வந்ததும் வலது கை தன்னால சுவிட்ச் போர்டுக்குப் போகும். ஸ்ஸப்பா, என்ன வேக்காடுன்னு சொல்லிக்கிட்டே ஃபேனைப் போட்டாரு. ஃபேன் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள நான் பாய்ஞ்சு போயி அணைச்சேன். நாற்காலி கீழ விழுந்துச்சு. ஓ, ரன் பண்ணிட்டு இருக்கியா, எதுக்கும்மா இப்பன்னு கேட்டாரு. திரும்பிப் பாத்தா எல்லாக் குழியும் ஒரு டிகிரி எறங்கிருச்சு. இன்னும் கால் மணி நேரம் கூடும். இருபத்தெட்டு வருஷமா வெப்பப் பரிமாற்றம் நடத்துற மனுசன். சில்லை ஒரு காயிதத்துல மடிச்சு வச்சிருந்தேன், பிரிச்சுக் காட்டினேன். அஞ்சாங்குழிக்குள்ள இருந்துச்சு சார், சந்தனம். அவரு கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுக் கிட்ட கொண்டு போயி பாத்தாரு. மோந்து பாத்தாரு. முகத்துல ஒண்ணுமே தெரியல, நெத்தியில மட்டும் இன்னைக்குக் காலையில வச்ச சந்தனம் வேர்வையில எளகி ஒரு பக்கமா எறங்கியிருந்துச்சு.

பிச்சம்மா வேலையாத்தான் இருக்கும், அறிவு கெட்டதுன்னாரு. சரி, இது எவ்வளவு இருக்கப் போகுது, ஒரு மில்லிமீட்டர், அதுக்கு நாலு டிகிரி வருமா. வருமான்னுதான் சார் பாத்துட்டு இருக்கேன். பாத்து. பாத்து என்ன பண்ணப் போறே, இன்னும் ரெண்டு நாளு இருக்கு, ரெஃபரன்ஸ் சரிபாத்தியா, படங்களுக்கு நம்பர் போட்டியா. இல்ல சார். அதைப் பாரு மொதல்ல, இதை அப்புறம் நிதானமாப் பாத்துக்கலாம், தீசிஸ் உள்ள போகட்டும், வைவா வர ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள நீங்க ஹைதராபாத்ல பேசிருவீங்களே சார். சொல்லிட்டேன். வாய் தன்னால சொல்லிருச்சு. அவரு கண்ணாடியைக் கீழ இறக்கினாரு. ஏம்மா உலகம்மா, நான் உனக்கு நல்லதுக்குத்தான் சொல்லுதேன், ஏழு வருஷம் ஆச்சு, உங்க அம்மா முகத்தைப் பாரு. பிரின்சிபால் கூப்பிட்டாரு, போயிட்டு வாரேன், அதுக்குள்ள ஹீட்டரை அணைச்சிரு. போகும்போது கதவைச் சாத்தாமப் போயிட்டாரு. நான் போயி சாத்தினேன்.

அணைக்கல. அணைப்பேனா. உங்க அம்மா முகத்தைப் பாருங்கிறாரு, எங்க அம்மா முகம் இவருக்கு எங்க தெரியும், ஒரே ஒரு தடவை வந்து காலேஜ் கேட்டு வாசல்ல நின்னுட்டுப் போனா. அறிவு கெட்டதாம். வச்சது யாரு, திட்டு வாங்குறது யாரு. அப்பவே சொல்லியிருக்கணும், நீங்கதான் சார் வச்சீங்கன்னு. சொல்லல. ஹைதராபாத்தைப் பத்திச் சொல்ல வாய் வந்துச்சு, அதைச் சொல்ல வரல. ஏன் வரல. சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரு. பிச்சம்மாக்கா சொன்னான்னு சொல்லலாம். அதுவும் பொய்தான். அக்கா சொல்லித்தான் தெரியுமா உனக்கு. உலகம்மா, அக்கா சொல்லித்தானா. சரி விடு, மூணு என்ன காட்டுது, அம்பத்தேழு புள்ளி ஒம்பது, அஞ்சு, அம்பத்தெட்டு. திரும்ப ஏறுது.

நான் பாத்தேன். வராந்தாவுலருந்து பாத்தேன். லேப் வாசல்ல செருப்பு நெறையக் கெடந்துச்சு, உள்ள சாம்பிராணிப் புகை, பையங்க வாழைக்கன்னு கட்டுறாங்க, எல்லாரும் உள்ள, நான் மட்டும் வெளிய கட்டைச் சுவத்துல சாஞ்சு செல்லைப் பாத்துக்கிட்டு நிக்கேன். அன்னைக்கு எனக்கு ரெண்டாம் நாள். யாரும் என்னை வெளிய நில்லுன்னு சொல்லல, அதுதான் இப்ப போட்டு அரிக்குது, ஒருத்தர்கூடச் சொல்லல. என்னம்மா, உள்ள வரலையான்னு பிச்சம்மாக்கா கேட்டா, நான் கண்ணைக் காட்டினேன், அவ்வளவுதான், அவ தலையை ஆட்டிட்டுப் போயிட்டா. பூஜை முடிஞ்சு பொரிகடலையைக் காயிதத்துல மடிச்சுக் கொண்டு வந்தா, கையில குடுக்கல, கட்டைச் சுவத்துல வச்சா. நானும் அவ வச்சிட்டு விலகினதும் எடுத்துத் தின்னேன். வெப்பச் சமன்பாட்டை ராத்தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், ஆனா அன்னைக்கு என் லேப்புக்குள்ள, என் கையால ஒட்டின ஒயருக்குப் பக்கத்துல போக எனக்குக் கால் வரல. ஜன்னல் திறந்து கெடந்துச்சு. அந்த ஜன்னல் வழியா சார் என் மேசைகிட்ட வர்றதைப் பாத்தேன். குனியுறதைப் பாத்தேன். கிண்ணம் இடது கையில, வலது கை தகட்டுப் பக்கம் போச்சு. சார் தகட்டைத் தொடாதீங்கன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பத்தடி தூரம். கத்தினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, உள்ள வந்து சொல்லேம்மா, ஏன் வெளிய நிக்கேன்னு எவனாவது ஒரு பையன் கேப்பான், கேட்டுட்டு அவனுக்கே புரிஞ்சு பக்கத்துல இருக்கிறவனைப் பாப்பான். அதுக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டேன். என்ன, ஒரு பொட்டுதான, லீவு முடிஞ்சு துடைச்சாப் போச்சுன்னு நினைச்சேன். நினைச்சேன், அதுவும் உண்மைதான்.

அஞ்சு நாள் லீவு. சந்தனம் காய அது போதும். வந்து பாக்கும்போது பிச்சம்மாக்கா ஈரத்துணியால எல்லாத்தையும் துடைச்சு வச்சிருந்தா, உன் தகட்டையும் பையத் துடைச்சிட்டேம்மான்னு சொன்னா, தகடும் பளிச்சுன்னு இருந்துச்சு, மேல இருந்ததெல்லாம் போயிருந்துச்சு. குழிக்குள்ள துணி எப்படிப் போகும். நோட்டுல ஒவ்வொரு திங்கக்கிழமையும் ஒரு கட்டம் இருக்கு, தகடு சுத்தம், ஒவ்வொரு குழியும் பஞ்சுக் குச்சியால. அந்தக் கட்டத்தைப் போட்டதே நான்தான், முதல் வருஷத்துல, அப்ப எனக்கு அவ்வளவு வேகம். பஞ்சுக் குச்சி தீர்ந்து போச்சு, வாங்கணும், வாங்கலாம்னு துணியாலயே துடைச்சேன். டிக் போட்டேன். அந்த நோட்டு இப்பவும் என் முழங்கைக்குக் கீழதான் கெடக்கு, காலையிலருந்து அதைத் திறக்காம அதுமேலயே சாஞ்சுக்கிட்டு ஊரையெல்லாம் திட்டிக்கிட்டு இருக்கேன். திறந்தேன். எண்ணினேன். முப்பத்திநாலு டிக். ஒவ்வொரு டிக்கும் வாலை நீட்டிக்கிட்டு என் கையெழுத்துல நிக்குது, பக்கத்துல வாராவாரம் சார் கையெழுத்து. அவரும் பாக்கல, நானும் பாக்கல, ரெண்டு பேரும் எழுதியிருக்கோம். சார் மேல வந்த கோவத்துல பாதியை எடுத்து இங்கயும் வச்சுத்தான் ஆகணும். பாதிதான். மீதியை விட மாட்டேன்.

பன்னிரண்டு பத்து. மூணு, அறுபத்தொண்ணு புள்ளி ரெண்டு. அஞ்சு, அறுபத்தொண்ணு புள்ளி ஒண்ணு. கரண்டு போயிரக் கூடாது. போனா நல்லதோ. போனா, சார் கரண்டு போச்சு, பாக்க முடியலன்னு சொல்லிட்டு ரெஃபரன்ஸ் சரிபாக்கப் போயிரலாம், வெள்ளிக்கிழமை சால்வை கூடப் போடுவாங்க. எவ்வளவு சுலபமா வருது பாரு இந்த நினைப்பு. எட்டு மாசத்துக்கு முன்னால வாயை மூடினவளுக்கு இன்னொரு தடவை மூடத் தெரியாதா. எவ மூடச் சொன்னா, ஒருத்தரும் சொல்லல, அதேதான், அன்னைக்கும் ஒருத்தரும் சொல்லல. கம்ப்ரஸர் ஒரு தடவை நின்னு மூச்சு விட்டுட்டுத் திரும்ப ஓடுது. கரண்டு போகல. பன்னிரண்டு இருபது. மூணு, அறுபத்தொண்ணு புள்ளி நாலு. அஞ்சு, அறுபத்தொண்ணு புள்ளி நாலு. இன்னொரு பத்து நிமிஷம். நான் கண்ணை எடுக்கல. வேர்வை புருவத்துல எறங்கி கண்ணுக்குள்ள போயி கரிச்சுது, அப்பவும் எடுக்கல. பன்னிரண்டு முப்பது. மூணு, அறுபத்தொண்ணு புள்ளி நாலு. அஞ்சு, அறுபத்தொண்ணு புள்ளி மூணு. நிலைச்சிருச்சு. நாலு டிகிரி எங்கயும் இல்ல. சுழல் எங்கயும் இல்ல. எதுவும் மாட்டிக்கிட்டுச் சுத்தல, காத்து வந்துச்சு, அடிச்சுச்சு, சூட்டை எடுத்துக்கிட்டுப் போச்சு, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல. அழுகை வரும்னு பாத்தேன். வரல.

பேனாவை எடுத்து எழுத ஆரம்பிச்சேன். எப்பவும் இங்கிலீஷ்லதான் எழுதுவேன், இன்னைக்குத் தமிழ்லதான் வந்துச்சு. பாதி எழுதும்போது சார் வந்தாரு, கை சுவிட்ச் போர்டுக்குப் போச்சு, என்னைப் பாத்துட்டு கையை எடுத்துக்கிட்டாரு. என்னம்மா, அணைக்கலையா. மூணும் அஞ்சும் ஒண்ணு சார். அவரு மீட்டர் பக்கம் வந்து நின்னாரு. மூணுக்குத் திருகினாரு, அஞ்சுக்குத் திருகினாரு, திரும்ப மூணுக்கு. அவரு பிடறி சிவந்து போயிருந்துச்சு. எனக்கு ஒரு நிமிஷம் பாவமா இருந்துச்சு, பொய் சொல்வானேன்.

அன்னைக்கு யாராவது கவனிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னாரு. அந்தப் பிச்சம்மாளை... பிச்சம்மாக்கா இல்ல சார், நீங்கதான் வச்சீங்க. அவரு திரும்பினாரு. நடுக்குழியில வைக்கக் கை போகல, அதனால இதுல வச்சீங்க. நான் பாத்தேன். பாத்தியா, பாத்துட்டா சும்மா இருந்தே, எங்க நின்னு பாத்தே. வராந்தாவுல. அங்க ஏன் நின்னே, நீதான உள்ள நின்னு எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு சொல்லணும், இது உன் பொறுப்பு இல்லையா. ஆமா சார், என் பொறுப்புதான், அன்னைக்கு எனக்குத் தூரம், அதனால வெளிய நின்னேன். அவரு பார்வை மேசைக்கு வந்துச்சு, அப்புறம் தரைக்குப் போச்சு. நான் மீதியையும் எழுதி முடிச்சு நோட்டை அவரு பக்கம் திருப்பி வச்சேன்.

குழி ஐந்தில் ஆயுத பூஜைச் சந்தனம் இருந்தது, நேற்று நீக்கப்பட்டது. இன்றைய அளவில் குழி மூன்றும் ஐந்தும் சமம். அக்டோபர் முதல் எடுத்த குழி ஐந்தின் அளவுகள் எல்லாம் தவறு, அவற்றை வைத்து எழுதிய கட்டுரையும் தவறு. முப்பத்திநாலு வாரம் குழிக்குள் பார்க்காமல் சுத்தம் என்று டிக் போட்டது நான். பொட்டு வைத்ததைப் பார்த்தும் தடுக்கவில்லை, மாதவிலக்கு என்பதால் லேப்புக்கு வெளியே நின்றேன்.

அவரு நின்னுக்கிட்டே படிச்சாரு. உதடு அசைஞ்சுது. ரெண்டாம் தடவையும் படிச்சாரு. நான் ஹைதராபாத்தைச் சொல்லுவாரு, வெள்ளிக்கிழமையைச் சொல்லுவாரு, பேப்பரைத் திரும்ப வாங்குனா காலேஜ் மானம் என்ன ஆகும்னு கேப்பாருன்னு பல்லைக் கடிச்சிட்டு நின்னேன். பையிலருந்து பேனாவை எடுத்தாரு. மூடியைக் கழட்டினாரு. தணிஞ்ச குரல்ல சொன்னாரு, எல்லாம் சரிம்மா, எழுதினது எழுதினதாவே இருக்கட்டும், நம்ம பேப்பரைப் போட்டவங்களுக்கு நான் எழுதிக்கிடுதேன், இந்தக் கடைசி வரியை மட்டும் அடிச்சிரு.

எட்டு மாச அளவை விடுறாரு, பேப்பரை விடுறாரு, ஹைதராபாத்தைக்கூட விட்டுருவாரு போல, இந்த ஒரு வரியைப் பாக்க முடியல அவருக்கு. எனக்குள்ள காலையிலருந்து பொங்கிக்கிட்டு இருந்தது அப்பத்தான் ஒரு எடத்துல நிலைச்சு நின்னுச்சு. அதை அடிக்க மாட்டேன் சார். ஏம்மா, நாளைக்கு யாராவது ஆடிட்டுக்கு வந்து இதைப் புரட்டுவாங்கம்மா, உனக்குத்தான் சங்கடம். புரட்டட்டும் சார், மத்ததெல்லாம் அதுலருந்துதான் வந்துச்சு, அதை அடிச்சா எல்லாத்தையும் அடிக்கணும். அவரு என் மூஞ்சியைப் பாத்தாரு. நானும் பாத்தேன். இந்த வருஷம் பூஜைக்கு எனக்கு எந்த நாளா இருந்தாலும் உள்ளதான் நிப்பேன், சந்தனக் கிண்ணத்தை நான்தான் பிடிப்பேன்னு சொன்னேன். அவரு நோட்டு மேல குனிஞ்சாரு. பக்கத்தோட மூலையில, அந்த வரியிலருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, சின்னதாக் கையெழுத்தைப் போட்டுட்டு வெளிய போனாரு. நான் ஹீட்டரை அணைச்சேன், கம்ப்ரஸரை அணைச்சேன், நோட்டுல நேரம் எழுதினேன், பன்னிரண்டு அம்பது. அப்புறம் போயி ஃபேனைப் போட்டேன்.